மஞ்சள் கறை போனதா, நிறம் மட்டும் மாறியதா? சலவைத்தூளைச் சென்சாரில் சோதிக்க ஒரு முயற்சி

கானாடுகாத்தான் சலவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் சின்னதாக ஒரு சலவைக்கூடம் நடத்துகிறேன். பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறவர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும்தான் எனக்கு வேலை கொடுப்பவர்கள். மேசைவிரிப்பு, கைத்துண்டு, வேட்டி, பந்திப் பாய்க்கு மேல் விரிக்கும் வெள்ளைத் துணி இவைதான் வரும். எல்லாவற்றிலும் மஞ்சள், நல்லெண்ணெய், வெற்றிலைச் சாறு, வாழை இலைக் கறை. எங்கள் பக்கத்துச் சமையல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். குழம்பு சிந்தினால் துணியில் மூன்று கறை சேர்ந்து விழும்.

போன மாசி மாதம் ஒரு வியாபாரி 'எந்தக் கறையும் போகும்' என்று சொல்லி இரண்டு மூட்டை தூள் கொடுத்தார். போகவில்லை. கேட்டால் உங்கள் ஊர்த் தண்ணீர் சரியில்லை என்கிறார். இருக்கலாம். ஆனால் தண்ணீர் எவ்வளவு, தூள் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்துச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதனால் அக்கா மகன் துணையோடு டிசிஎஸ்34725 என்ற நிற சென்சாரை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் மாட்டினேன். சிவப்பு, பச்சை, நீலம், மொத்த வெளிச்சம் என்று நான்கு எண் தரும். மஞ்சள் தடவிய துணியை ஐந்து தூளில் துவைத்து ஜன்னல் ஓரம் வைத்து அளந்தேன். இருப்பதிலேயே விலை குறைந்த தூள்தான் முதலிடம் என்று சென்சார் சொன்னது. ராத்திரி விளக்கில் பார்த்தால் அந்தத் துணியில் மஞ்சள் பளிச்சென்று இருக்கிறது. என் கண் தப்பா, சென்சார் தப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான்கு பெண்கள் இந்த வேலையை நம்பி இருக்கிறார்கள்.

தேவகோட்டை சோல்டர் எழுதியது:

அக்கா, ஜன்னல் ஓரம் என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. சென்சாருக்கு வெளி வெளிச்சம் துளிகூடப் போகக் கூடாது. மேகம் ஒன்று கடந்தால் எண் மாறிவிடும். சென்சார் பலகையிலேயே ஒரு வெள்ளை எல்இடி இருக்கும். இருட்டுப் பெட்டிக்குள் அதை மட்டும் எரியவிட்டு அளக்க வேண்டும். இன்னொன்று, அந்த எல்இடி சென்சாருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் துணியின் பளபளப்பும் நேராகத் திரும்பி வரும். வெளிச்சம் 45 பாகை சாய்வில் விழ வேண்டும், சென்சார் நேர் மேலே இருந்து பார்க்க வேண்டும். நிறம் அளக்கும் பெரிய கருவிகள் பலவற்றிலும் இந்த அமைப்புதான்.

பெட்டிக்குக் காசு செலவழிக்காதீர்கள். பெரிய பெருங்காய டப்பா ஒன்றை எடுத்து உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடியுங்கள். மூடியில் சென்சாருக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் எல்இடிக்குச் சாய்வாக ஒரு ஓட்டை. அடியை வெட்டி எடுத்துவிட்டுத் துணிமேல் கவிழ்த்தால் போதும். துணிக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் எப்போதும் ஒன்றாக இருக்கும்.

திருப்பூர் லேப் எழுதியது:

வணக்கங்க. நான் திருப்பூரில் ஒரு துணிச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தம்பி சொன்னது சரி. ஆனால் விலை குறைந்த தூள் ஏன் முதலிடம் வந்தது என்பதற்கு வேறு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பல தூள்களில் வெண்மையூட்டி, அதாவது ஆப்டிகல் பிரைட்டனர் இருக்கிறது. அது கறையை எடுக்காது. துணியில் ஒட்டிக்கொண்டு, வெயிலில் இருக்கும் புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். மஞ்சள் கறை என்பது நீல ஒளியைத் துணி விழுங்குவது. பிரைட்டனர் அதே நீலத்தை வெளியே விடுகிறது. சென்சார் நீலம் கூடிவிட்டது என்று பார்த்து மஞ்சள் போய்விட்டது என்று எண் கொடுத்திருக்கும். ராத்திரி விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை, அதனால் உங்கள் கண்ணுக்கு உண்மை தெரிந்தது.

கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் இருக்கிறதல்லவா, அதைத் துணிமேல் இருட்டில் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் பிரைட்டனர் ஏறியிருக்கிறது. இதற்காகவே எங்கள் நிறமானியில் 420 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை வெட்டும் வடிகட்டி இருக்கும். அதைப் போட்டும் போடாமலும் அளந்து, கறை எவ்வளவு போனது, வெண்மை எவ்வளவு பூசப்பட்டது என்று தனித்தனியாகப் பார்ப்போம்.

சோதனைக்கு வாங்கும் புதுத் துணியையும் டார்ச்சில் பாருங்கள். கடையில் கிடைக்கும் வெள்ளைத் துணி பலதிலும் ஆலையிலேயே பிரைட்டனர் போட்டிருப்பார்கள். அதில் சோதனை செய்தால் தொடக்கமே கோணல்.

கானாடுகாத்தான் சலவை எழுதியது:

டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தத் துணி நிலா மாதிரி ஒளிர்கிறது! மற்ற நான்கில் இரண்டு லேசாக, இரண்டு ஒன்றுமே இல்லை. நான் சோதித்த வெள்ளைத் துணியே கொஞ்சம் ஒளிர்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறேன். பெருங்காய டப்பா கிடைத்துவிட்டது.

வேதி வாத்தியார் எழுதியது:

காரைக்குடியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மஞ்சளில் உள்ள குர்குமின் வெறும் நிறப்பொருள் இல்லை, அமிலமா காரமா என்பதை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியும்கூட. அமில-கார அளவான பிஎச் 7.4 வரை மஞ்சள், 8.6க்கு மேல் செம்பழுப்பு. சலவைத்தூளில் சோடா இருப்பதால் துவைக்கும் நீரின் பிஎச் 10க்கு மேலே போவது சாதாரணம். ஆகவே மஞ்சள் கறை தண்ணீரில் போட்டதும் சிவக்கும். நாம் குங்குமம் செய்வது இதே வித்தைதான், மஞ்சளும் சுண்ணாம்பும். அலசல் சரியில்லாமல் துணியில் காரம் மிச்சம் இருந்தால் காய்ந்த பிறகும் கறை சிவப்பாக நிற்கும். சென்சார் மஞ்சள் குறைந்துவிட்டது என்று சொல்லும். உண்மையில் குர்குமின் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, சட்டை மாற்றிக்கொண்டு.

சோதிப்பது எளிது. துவைத்து அலசிய துணி மேல் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சள் திரும்பி வந்தால் கறை போகவில்லை. அதனால் அளக்கும் முன் எல்லாத் துணியையும் ஒரே அளவு நீர்த்த வினிகரில் நனைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒரே பிஎச் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் மஞ்சள் கறையை எந்தச் சென்சாரால் அளந்தாலும் அந்த எண்ணை நான் நம்ப மாட்டேன்.

நம் ஊர்க் கவுனி அரிசியும் இப்படித்தான். அதன் கறுஞ்சிவப்பு நிறப்பொருளான ஆந்தோசயனின் காரத்தில் நீலத்துக்குப் போகும். கவுனி அரிசிப் பொங்கல் சிந்திய துண்டைச் சோப்பு நீரில் போட்டவர்களுக்குத் தெரியும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஆத்தா, சென்சாரெல்லாம் எனக்குப் புரியாது, பேத்தி படித்துக் காட்டினாள். மஞ்சள் கறைக்கு எங்கள் காலத்தில் தூளே தேவைப்படவில்லை. சோப்பு போட்டு ஈரத்தோடு வெயிலில் விரித்துவிடுவோம். இரண்டு நாள் வெயிலில் கறை தானே வெளுத்துவிடும். நிழலில் உலர்த்தினால் போகாது.

தண்ணீர் விஷயம் சொல்கிறேன். எங்கள் வீட்டு முற்றத்து மழைத் தண்ணீரை அண்டாக்களில் பிடித்து வைப்போம். அதில் சவுக்காரம் நன்றாக நுரைக்கும். கிணற்றுத் தண்ணீரில் நுரையே வராது, துணியில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாய்ப் படியும். நல்ல வேட்டியை மழைத் தண்ணீரில்தான் அலசுவோம். வெள்ளாவி வைக்கிறவர்களும் ஊருணித் தண்ணீர்தான் நல்லது என்பார்கள்.

வேதி வாத்தியார் எழுதியது:

ஆச்சி சொன்ன இரண்டுமே இந்தச் சோதனைக்கு அடிப்படை. குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். ஆகவே ஒரு துணியை வெயிலிலும் இன்னொன்றை நிழலிலும் காயப்போட்டு ஒப்பிட்டால், வெயில் செய்த வேலைக்குத் தூளுக்குப் பேர் போய்ச் சேரும். சோதனைத் துணி எல்லாம் நிழலில், முடிந்தால் இருட்டறையில் காய வேண்டும். கறை போட்ட துணியைச் சேமிப்பதும் தகர டப்பாவில்தான்.

தண்ணீர்: கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். மழை நீரில் அநேகமாக இல்லை. பழைய சவுக்காரம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். இன்றைய தூள்கள் அவ்வளவு மோசமாகத் திரியாது, ஆனாலும் பாதிக்கும். சோடா கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கித் துணி மேலேயே படியவிடும். துணி முரடாகிச் சாம்பல் பூக்கும். எனவே ஒரே தூளை இரண்டு நீரிலும் சோதியுங்கள். வியாபாரி சொன்னது உண்மையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தேவகோட்டை சோல்டர் எழுதியது:

அக்கா, சென்சாரை மாற்றலாமா என்று ஒரு யோசனை. டிசிஎஸ்34725 மூன்று அகலமான ஜன்னல் வழியாகத்தான் நிறத்தைப் பார்க்கிறது. ஏஎஸ்7341 என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை எட்டாகப் பிரித்துக் காட்டும்: 415, 445, 480, 515, 555, 590, 630, 680 நானோமீட்டர். அகச்சிவப்புக்குத் தனியாக ஒன்று. வயர் அதே நான்குதான்.

குர்குமின் அதிகம் விழுங்குவது 425 பக்கம் என்று படித்தேன். அப்படியானால் 415, 445 இரண்டும் நமக்கு முக்கியம். ஆனால் ஒரு சிக்கல். சாதாரண வெள்ளை எல்இடி 450 பக்கம் உள்ள நீலத்தில்தான் எரிகிறது, 415இல் அதற்கு வெளிச்சமே இல்லை. அந்தச் சேனலில் வருவது வெறும் இரைச்சல். ஊதா எல்இடி சேர்க்கலாமென்றால் அது பிரைட்டனரைத் தூண்டிவிடும். நான் பார்த்தவரை 415ஐ விட்டுவிட்டு 445, 480 இரண்டையும் நம்புவதுதான் நல்லது. வெற்றிலை, கவுனிக் கறைக்கு 515, 555. லேப் அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

திருப்பூர் லேப் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். சலவைச் சோதனையில் பழைய வழக்கமும் 460 நானோமீட்டரில் எதிரொளிப்பை அளப்பதுதான். இன்று, நிறத்தை எல், ஏ, பி என்று மூன்று எண்ணாகச் சொல்லும், 1976இல் வந்த லேப் நிற முறையில் கணக்கு போடுகிறோம். கறையில்லாத துணிக்கும் கறைத் துணிக்கும் நிற வேறுபாடு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். துவைத்த பிறகு அந்த வேறுபாடு 10 ஆனால், 40இல் 30 போயிருக்கிறது, 75 விழுக்காடு. கறை நீக்கத்தைச் சோதிப்பதற்கான ஏஎஸ்டிஎம் டி4265 வழிகாட்டியும் இந்த வகைக் கணக்கைத்தான் சொல்கிறது.

எட்டுச் சேனலை வைத்துச் சரியான லேப் எண் எடுப்பது சிரமம். அது வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு சேனலிலும் எதிரொளிப்பை எடுத்து, குபெல்கா-முங்க் கணக்கில் போடுங்கள்: 1இலிருந்து எதிரொளிப்பைக் கழித்து, வர்க்கப்படுத்தி, எதிரொளிப்பின் இரு மடங்கால் வகுப்பது. எதிரொளிப்பு நேர்கோட்டில் போகாது. இந்த எண் கறைப்பொருளின் அளவோடு கிட்டத்தட்ட நேராகப் போகும். கறையில்லாத துணியின் எண்ணைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது கறை.

துணியை நான்கு மடிப்பாவது மடித்து அளங்கள். ஒற்றை மடிப்பில் கீழே இருக்கும் மேசையின் நிறமும் சேர்ந்து வரும். ஒரு துண்டில் நான்கு இடம், ஒவ்வொரு இடத்திலும் துணியைக் கால் வட்டம் திருப்பி இன்னொரு முறை. நெசவுத் திசைக்கே எண் மாறும். எல்இடியைப் பத்து நிமிடம் எரியவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

கானாடுகாத்தான் சலவை எழுதியது:

வெள்ளைக்கு அளவுகோலாக எதை வைப்பது? ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளை எடுத்து வைக்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் நிறைய இருக்கிறது.

திருப்பூர் லேப் எழுதியது:

வேண்டாங்க. அது கையால் வார்த்த சிமென்ட் கல். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும், எண்ணெய் பட்டால் நிறம் மாறும். தரைக்கு அதுதான் அழகு, அளவுகோலுக்கு ஆகாது. குழாய் வேலைக்கு வாங்கும் டெஃப்லான் டேப்பைப் பத்துப் பதினைந்து சுற்று அடுக்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் ஏறக்குறைய சமமாகத் திருப்பும். அழுக்கானால் மாற்றிவிடலாம்.

புதுவயல் மெக்கானிக் எழுதியது:

நான் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். துணியை ஏன் அளக்க வேண்டும்? பெரிய மெஷின்களில் கலங்கல் சென்சார் இருக்கிறது. ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளியுணரி, நடுவில் தண்ணீர். அழுக்கு வந்தால் வெளிச்சம் குறையும். வெளியேறும் தண்ணீரை அளந்தால் எவ்வளவு அழுக்கு போனது என்று தெரிந்துவிடுமே. பழைய மெஷினிலிருந்து கழற்றித் தர நான் தயார்.

வேதி வாத்தியார் எழுதியது:

நல்ல மனசு, தம்பி. ஆனால் மெஷினுக்கு அது போதும், தூளை ஒப்பிட அது போதாது. சில தூள்களில் கடின நீரை மென்மையாக்கும் சியோலைட் இருக்கிறது. அது கரையாது, தண்ணீரையே பால் மாதிரி ஆக்கும். நம் கடின நீரில் சோடா போட்டாலே சுண்ணாம்பு பிரிந்து கலங்கும். துணியே போடாமல் தூளை மட்டும் கலக்கிப் பாருங்கள், சென்சார் அழுக்கு என்று சொல்லும். தண்ணீருக்கு வந்த அழுக்கு திரும்பத் துணியில் படிவதும் உண்டு. வெளியே போனதை அளப்பது ஒன்று, துணியில் தங்கியதை அளப்பது வேறு.

ஆனால் கடத்துதிறன் சென்சார் இருந்தால் கொடுங்கள். அலசல் முடிந்ததா என்று பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. அலசும் நீரின் கடத்துதிறன் குழாய்த் தண்ணீரின் அளவுக்கு இறங்கும்வரை காரம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன சிவப்புக் கறைக் குழப்பத்துக்கு அதுவே பாதி மருந்து.

கானாடுகாத்தான் சலவை எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். முகூர்த்த நாட்கள். தம்பி தேவகோட்டையிலிருந்து வந்து ஒரு சுழல் செய்து கொடுத்தார். பழைய சைக்கிள் ரிம், கார் வைப்பர் மோட்டார், ரிம்மில் ஆறு ஒரு லிட்டர் ஊறுகாய் ஜாடி. எல்லா ஜாடியும் ஒரே வேகத்தில் சுழல்கிறது. ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர், ஒன்றரை கிராம் தூள், கறைத் துண்டு இரண்டு, கறையில்லாத வெள்ளைத் துண்டு ஒன்று. ஆறாவது ஜாடியில் தூளே இல்லாத வெறும் தண்ணீர். அரை மணி நேரம். ஜாடிகளில் எந்தத் தூள் என்று எனக்குத் தெரியாது. எண் மட்டும் எழுதி உதவிக்கு இருக்கும் பெண் போட்டார்.

மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, வெறும் தண்ணீரே கணிசமாகக் கறையை எடுத்திருக்கிறது. நான் இதுவரை எல்லாப் பெருமையையும் தூளுக்குக் கொடுத்துவந்தேன். இரண்டு, டப்பாவுக்குள் வைத்து, வினிகரில் அலசி, நிழலில் காயவைத்து அளந்ததும் வரிசையே தலைகீழாகிவிட்டது. நிலா மாதிரி ஒளிர்ந்த தூள் இப்போது கடைசிக்கு முந்தியது. மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரே தூளை மூன்று முறை ஓட்டினேன், மூன்றும் ஒன்றாக வரவில்லை. நடுவில் இருக்கும் மூன்று தூள்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அப்படியானால் அந்த மூன்றில் எது நல்லது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சரிதானே?

திருப்பூர் லேப் எழுதியது:

சரிதான் அக்கா. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுவார்கள். ஒவ்வொரு தூளுக்கும் ஆறு துண்டாவது வேண்டும். ஜாடியின் இடத்தையும் ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றுங்கள். ஏற்ற இறக்கம் உங்கள் துணியிலிருந்தும் வரலாம். கறை எப்படிப் போட்டீர்கள்?

கானாடுகாத்தான் சலவை எழுதியது:

கரண்டியால் குழம்பை ஊற்றினேன்.

திருப்பூர் லேப் எழுதியது:

அதுதான். நாங்கள் வாங்கும் சோதனைத் துணியில் கறை ஆலையிலேயே ஒரே சீராகப் பூசப்பட்டிருக்கும். சுவிட்சர்லாந்தின் எம்பா 101 என்றால் கரித்தூளும் ஆலிவ் எண்ணெயும். 116 என்றால் ரத்தம், பால், மை. மொத்தமாக ஒரே தொகுதியில் வாங்கி வைத்துக்கொள்வோம். ஆனால் வெளிப்படையாகச் சொன்னால் உங்கள் வேலைக்கு அது உதவாது. கானாடுகாத்தானில் யார் மேசையில் ஆலிவ் எண்ணெயும் கரியும் சிந்துகிறார்கள்?

வேதி வாத்தியார் எழுதியது:

இதைத்தான் நான் சொல்லக் காத்திருந்தேன். நமக்கு வேண்டியது செட்டிநாட்டுக் கறைத் துணி. அதை நாமே செய்யலாம், சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்தால் யார் செய்தாலும் ஒரே கறை வரும்.

மஞ்சள்-எண்ணெய்: குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். 100 மில்லி நல்லெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து 2 கிராம் மஞ்சள்தூள் போட்டு ஒரு மணி நேரம் கலக்கி, வடிகட்டி எடுங்கள். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துணியின் நடுவில் ஊசி இல்லாத சிரிஞ்சால் 0.2 மில்லி. மஞ்சளுக்கு மஞ்சள் குர்குமின் அளவு மாறும், ஆகவே ஒரே பொட்டலத்தில் மொத்தமும் செய்துவிடுங்கள். ஒரு இரவு இருட்டில் வைத்து, மறுநாள் அளந்து, சராசரியிலிருந்து அதிகம் விலகிய துண்டுகளை ஒதுக்குங்கள்.

வாழைக் கறை வேறு கதை. சாறு பட்டவுடன் ஒன்றும் தெரியாது. அதிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றுபட்டுப் பழுப்பாகக் காலம் எடுக்கும். இன்று பூசி இன்றே துவைத்தால் நிறமே இல்லாததை அளந்து நூறு விழுக்காடு என்பீர்கள். ஒரு வாரமாவது பழக விட வேண்டும். இரும்புக் கத்தியால் வெட்டிய தண்டின் சாறு இன்னும் கறுக்கும். கத்தியையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலைக் கறையில் பாக்கின் பாலிஃபீனால்களும் சுண்ணாம்பும் சேர்ந்துதான் சிவப்பு. வாயில் மென்று துப்பியதை எடுக்காதீர்கள், ஆளுக்கு ஆள் மாறும். பாக்குத்தூளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினால் போதும்.

கண்டாங்கி நெசவு எழுதியது:

வெள்ளைத் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வாங்குகிறவர்கள் கூடினார்கள். ஆனால் ஒரு வருடத்தில் அரக்குச் சிவப்பு வெளுத்துவிட்டது என்று சேலையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் சாயமா, அவர்கள் தூளா? கறையை எடுக்கும் தூள் எங்கள் நிறத்தையும் எடுக்கிறதே. அதையும் இந்தச் சென்சாரில் அளக்க முடியுமா, தங்கச்சி?

கானாடுகாத்தான் சலவை எழுதியது:

முடியும் அண்ணே, முடிய வேண்டும். கறை நீங்கும் எண்ணை மட்டும் பார்த்துத் தூள் வாங்கினால் இந்த நஷ்டம் கண்ணில் படாது. வெட்டுத் துணி இருந்தால் சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றிலும் கொடுங்கள். ஒவ்வொரு ஜாடியிலும் கண்டாங்கித் துண்டு ஒன்றும் அதோடு தைத்த வெள்ளைத் துண்டு ஒன்றும் போடுகிறேன். கண்டாங்கி எவ்வளவு வெளுத்தது, வெள்ளையில் எவ்வளவு சாயம் ஏறியது, இரண்டையும் அளக்கலாம். பத்து முறை திரும்பத் திரும்பத் துவைத்துப் பார்க்கிறேன்.

திருப்பூர் லேப் எழுதியது:

சலவையில் சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 105 சி06 சோதனையும் இப்படித்தான், பக்கத்துத் துணியோடு சேர்த்துத் தைத்துத் துவைப்பது. நீங்கள் படிக்காமலே அங்கே வந்துவிட்டீர்கள் அக்கா.

தேவகோட்டை சோல்டர் எழுதியது:

நிறமே இல்லாத எண்ணெய்க் கறை பற்றி யாரும் பேசவில்லையே. தேங்காய் எண்ணெய் பட்ட இடம் சென்சாருக்குத் தெரிவதே இல்லை. ஆனால் இஸ்திரி போட்டதும் பிசுக்கு வாசம் வருகிறது. குவார்ட்ஸ் படிகத்தில் எண்ணெய் பூசி, சோப்பு நீரில் முக்கி, அதிர்வெண் ஏறுவதைப் பார்க்கும் முறை இருக்கிறதாம். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஒரு ஹெர்ட்ஸ் மாற்றம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம். 1959இல் சௌவர்பிரே என்பவர் கணக்கு. செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

வேதி வாத்தியார் எழுதியது:

ஆசை நல்லதுதான். காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும்போது அந்த ஆசைக்குக் குறை இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட இடம் அது. மின்வேதியியல் சென்சார் பற்றி நம் ஊரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் படிகம் என்பது தங்கம் பூசிய வழவழப்பான வட்டு. பருத்தி நூலுக்குள் எண்ணெய் இறங்கி ஒளிந்துகொள்வது அதில் கிடையாது. தூளின் வேகத்தைப் படிக்க அது அருமை. வேட்டியைப் பற்றி அது பேசாது.

எண்ணெய்க்குத் தராசு போதும். மில்லிகிராம் காட்டும் நகைத் தராசு. துண்டை நன்றாக உலர்த்தி எடை, எண்ணெய் விட்டு எடை, துவைத்து உலர்த்தி எடை. பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், அதனால் எண்ணெய் விடாத ஒரு துண்டையும் கூடவே நிறுத்து அதன் மாற்றத்தைக் கழிக்க வேண்டும். இன்னொரு எளிய சோதனை: துவைத்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, உறிஞ்ச எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் சொட்டு முத்து மாதிரி நிற்கும். எண்ணெயில் சாயம் கலந்து நிறமாக அளக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, சாயம் நூலைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் மட்டும் போய்விடலாம்.

சிக்ரி என்றதும் ஒன்று. வெற்றிலை, வாழைக் கறைக்கு உண்மையில் வேலை செய்வது தூளில் உள்ள சோடியம் பெர்கார்பனேட்தான். அது தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு விடும். ஈரக்காற்றில் மூட்டை திறந்து கிடந்தால் அது செத்துவிடும். பிளாட்டினம் மின்வாயில் பெராக்சைடை நேரடியாக அளக்கலாம், மின்னோட்டமாக வரும். மூட்டை வந்த அன்றும் ஒரு மாதம் கழித்தும் அளந்தால், குறை தூளிலா உங்கள் கிடங்கிலா என்று தெரியும். குளிர்ந்த நீரில் பெராக்சைடு மந்தம் என்பதையும் மறக்க வேண்டாம். பெராக்சைடைத் தூண்டிவிடும் டிஏஇடி என்ற பொருள் சேர்த்த தூள் 40 பாகையிலேயே வேலை செய்யும், சேர்க்காதது 60க்கு மேல்தான் சுறுசுறுப்பாகும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

வெந்நீரில் போட்டால் வெற்றிலைக் கறை போகும் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று இன்றுதான் தெரிந்தது. ரத்தக் கறையை மட்டும் வெந்நீரில் போடாதே ஆத்தா, ஒட்டிக்கொள்ளும்.

கானாடுகாத்தான் சலவை எழுதியது:

ஆச்சி சொன்னதையும் எழுதிக்கொண்டேன்.

இனிச் செய்யப்போவது இது. வாத்தியார் ஐயா குறிப்புப்படி மஞ்சள்-எண்ணெய்த் துண்டு 120 ஒரே நாளில் செய்கிறேன். வாழையும் வெற்றிலையும் தலா 60. எல்லாம் பிரைட்டனர் இல்லாத ஒரே பீஸ் துணியில். அதில் 20 திருப்பூருக்கு அனுப்புகிறேன். அண்ணன் அவர்கள் நிறமானியில் அளக்கட்டும், நான் பெருங்காய டப்பாவில் அளக்கிறேன். இரண்டு வரிசையும் ஒத்துப்போனால்தான் என் டப்பாவை நம்புவேன். ஒத்துப்போகாத கறைக்கு என் சென்சாரை ஒதுக்கிவிட்டு வேறு வழி தேடுகிறேன்.

ஒரு மாற்றம் மட்டும் நானாகச் செய்கிறேன். எல்லாத் தூளையும் ஒரே எடையில் போட்டால் விலை கூடினது ஜெயிக்கும். ஒரு சுற்று ஒரே எடையில், இன்னொரு சுற்று ஒரே ரூபாய்க்கு. எனக்கு மூட்டைக் கணக்குதான் முக்கியம்.

முடிவை எந்தத் தூளின் பேரும் போடாமல், ஏற்ற இறக்கத்தோடு சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். வியாபாரி இன்னும் பணத்தைத் திருப்பவில்லை. ஆனால் என் தண்ணீர்தான் காரணம் என்று வந்தால் அவரிடம் போய் நானே சொல்லிவிடுவேன்.

ஆச்சி, உங்கள் முற்றத்து மழைத் தண்ணீர் ஐந்து லிட்டரும் கிணற்றுத் தண்ணீர் ஐந்து லிட்டரும் மூடி போட்டு எடுத்து வையுங்கள். சனிக்கிழமை காலையில் பள்ளத்தூர் வருகிறேன். கண்டாங்கி அண்ணே, வெட்டுத் துணியை அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாமா?

கண்டாங்கி நெசவு எழுதியது:

மூன்று நிறத்திலும் அரை மீட்டர் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் தண்ணீரே படாத துணி. மதியத்துக்குள் வாங்க.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

போன மழையில் பிடித்தது ஒரு அண்டா இருக்கிறது. பாத்திரம் நீயே கொண்டு வா. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.